தண்ணிக்கு ரெண்டு

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே, முடக்கில்,
ஒரு கல்லில் ஏறி நின்றால் மட்டும்
இரண்டு கோடு சிக்னல்.
மஸ்கெலியாப் பக்கமிருந்து பனி ஏறி வருகிறது.
இரவு பன்னிரண்டோடு விண்ணப்பம் மூடப்படும்.

அமர்வின் தலைப்பு, பதினைந்து சொற்களுக்குள்
என்கிறது படிவம்.
பிள்ளைமடுவத்தில் பதினோரு வருடம்.
பதினைந்து சொல் வரவில்லை.

பிரிவைத் தெரிவு செய்யச் சொல்கிறது:
முன்கணிதம், விளையாட்டு, போசாக்கு,
கடைசியாக, பின்தங்கிய சமூகங்கள்.
விரல் தானாகவே கடைசிக்குப் போனது.
இழுத்து மேலே கொண்டுவந்தேன்.
கணிதம்தான் ஐயா இது. கணிதம்.

கதவுக் கொளுக்கியில்
உடைந்த உடுப்பு ஹேங்கரைத் தொங்கவிட்டு
இரு பக்கமும் யோகட் கோப்பை கட்டி
"தராசு" என்றான் டிலுக்சன்.
நாலு வயது, மூன்று மாதம்.
காதில் பென்சில். அவன்தான் கணக்குப்பிள்ளை.
மற்றவர்கள் வரிசையில், தலையில் துவாய்,
சீனிப் பையில் வேலியோரத்து இலை.
பை ஏறும். அவன் கோப்பையைப் பார்க்கமாட்டான்.
"பதினெட்டு. தண்ணிக்கு ரெண்டு. சாக்குக்கு ஒன்னு."
சொல்லிக்கொண்டே மூன்று இலையை எடுத்து
வாசலில் எறிவான்.

ஐந்துக்குப் பிறகு அவனுக்கு ஒன்பது,
அப்புறம் இருபது.
ஆனால் கழிப்பான். ஒரு நாளும் பிசகாமல் மூன்று.
பயிற்சிக் கையேட்டில் எண்ணல் முதலில்,
கழித்தல் எங்கேயோ பின்னால்.
எங்கள் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தைப்
பின்பக்கமிருந்து திறக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதினேன். முந்நூற்றுப் பதினொரு சொல்.
இருநூற்றைம்பதுக்கு மேல் ஏற்காதாம்.
சிவப்பில் காட்டுகிறது: அறுபத்தொன்று அதிகம்.
நின்ற நிலையிலேயே கழிக்கத் தொடங்கினேன்.
துவாய் போனது. யோகட் கோப்பை போனது.
டிலுக்சனின் அம்மா ஜெசிந்தமேரி
அந்தி நிறுவையில் வாய் திறக்காமல் நின்றது,
அதுவும் போனது.

கற்றல் பேறுகள் மூன்று தருக.
முதலிரண்டையும் மாநாட்டுத் தமிழில் எழுதிவிட்டேன்.
மூன்றாவதில் போன புதனை வைத்தேன்.

போன புதன் நல்ல வெயில்.
கபிஷ்னாவின் பை ஏறியது.
பதினெட்டு, ரெண்டு, ஒன்னு. இலை வாசலுக்குப் போனது.
அவள் போகவில்லை.
கதவுக்கு வெளியே கையை நீட்டினாள்,
உள்ளங்கையை அவன் முகத்துக்கு நேரே கொண்டுவந்தாள்.
"மழையே இல்ல. எந்தத் தண்ணிக்கு?"

வரிசை அசையவில்லை.
பென்சிலைக் காதிலிருந்து எடுத்து வாயில் வைத்தான்.
முற்றத்தைப் பார்த்தான். வானத்தைப் பார்த்தான்.
பிறகு குனிந்து
இரண்டு இலையைப் பொறுக்கிப் பைக்குள் போட்டான்.
சாக்குக்கு உரியதை விட்டுவிட்டான், அது அங்கேயே கிடந்தது.

நான் பால்மா கரைத்துக்கொண்டிருந்தேன்.
அதையும் எழுதினேன்:
இவ்வேளையில் உத்தியோகத்தர் எதையும் கற்பிக்கவில்லை.

என்னைப் பற்றி ஐம்பது சொல் கேட்டது.
பெயருக்குப் பின்னால்
ஜெசிந்தமேரியை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

நிறுவனத் தலைவரின் ஒப்புதல் என்று ஒரு கட்டம்.
துரை வாசிப்பார். ரெண்டு என்ற இடத்தில் நிற்பார்.
ஒப்புதலைப் பின்னர் இணைக்கலாம்
என்று கீழே சின்ன எழுத்தில் இருக்கிறது.
பின்னர், என்று தொட்டேன்.

தேவைப்படும் சாதனங்கள்? புரொஜெக்டர், ஒலிவாங்கி?
ஒரு ஹேங்கர், இரண்டு கோப்பை.
வேலியோரத்து இலை கண்டியிலும் இருக்கும்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. அனுப்பு.
வட்டம் சுற்றுகிறது.
குதிக்காலைத் தூக்கி, போனை இன்னும் மேலே பிடிக்கிறேன்.
திரையெல்லாம் ஈரம்.
இது நிசமான ஈரம்தான்.
துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்,
இன்னும் சுற்றுகிறது.